குடியானவரின் ஆகாரமும் உடலின் எடையும்

பெரம்பலூருக்குத் தெற்கே சுமார் 8 கிலோமீட்டர் தூரத்தில், திருச்சியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையின் மேல் அமைந்துள்ள சிறுவாச்சூர், மதுரகாளியம்மன் ஆலயத்தினால் பெயர் பெற்ற ஊராகும். திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அம்மன் தரிசனத்திற்கென வெளியூர்களிலிருந்து ஜனங்கள் திரளாக வருகின்றனர். இவ்வட்டாரத்து நிலங்களில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. முன்னாளில் இப்புன்செய்களில் கம்பும் சோளமும் வரகும் சாமையும் விளைந்தன; விளைந்ததையே மக்கள் உண்டனர். இன்று மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவையே பிரதானப் பயிர்கள். மக்காச்சோளம் நாமக்கல் முதலிய இடங்களிலுள்ள கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகச் செல்லுகிறது; பருத்தி ஆலைக்கும் வெங்காயம் மண்டிக்கும் போகின்றன. ஆகவே விளைவிப்பது ஒன்று, உண்பது வேறொன்று என்னும் நிலைமை ஏற்பட்டிருக்கிறது.

உண்பது பெரும்பாலும் அரிசிச் சோறு. 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளின் வாயிலாக அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. மழை பொய்த்த வருஷங்களிலும் அடுப்பு எரியாத வீடு இல்லாதபடி செய்த இவ்வேற்பாட்டைக் குறை கூறுதல் தகாது. பஞ்ச காலங்களைப் பற்றி முதியோர் வாயிலாகக் கேட்டவர் எவரும் அவ்வாறு கூறத் துணியார். ஆயினும் அரிசி தாராளமாகக் கிடைத்த அதே காலத்தில் வேறொரு மாறுதலும் நிகழ்ந்தது. அதனைப் பலரும் கவனிக்கவில்லை.

முன்பு ஏர் பின்னே நாள் முழுவதும் நடந்தவர், இன்று டிராக்டரை வாடகைக்கு அமர்த்திவிட்டு வரப்பில் நிற்கிறார். கவலை ஏற்றம் இறைத்த கிணற்றில் மின்சார பம்பு ஓடுகிறது. மக்காச்சோளக் கொல்லையில் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. கதிரடிக்க இயந்திரம் வருகிறது. கொல்லைக்கும் வீட்டுக்கும் இடையே நடந்த கால்கள் மோட்டார் சைக்கிளில் செல்லுகின்றன. இவையாவும் வரவேற்கத் தக்கவையே. உடலை வருத்தி உழைத்தவர்க்கே அந்த வருத்தத்தின் அளவு தெரியும். ஆனால், தட்டில் விழும் சோற்றின் அளவு மாத்திரம் ஏர் உழுத காலத்து அளவாகவே நின்றுவிட்டது.

இந்த வித்தியாசம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2020-ஆம் ஆண்டில் வகுத்துள்ள அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் கடின உழைப்புச் செய்யும்போது அவருக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி வேண்டும். நடுத்தர உழைப்புக்கு 2,710 போதும். உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பவருக்கு 2,110 தான் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவை முறையே 2,720, 2,130, 1,660 ஆகும். கடின உழைப்பிலிருந்து உட்காரும் வாழ்க்கைக்கு வந்துவிட்ட ஆணுக்கு மிஞ்சுவது 1,360 கலோரி. தீட்டிய அரிசி 100 கிராமில் சுமார் 356 கலோரி இருப்பதால், இது ஏறக்குறைய 380 கிராம் அரிசிக்குச் சமம். இவ்வளவும் நாள்தோறும் மிச்சமானால், அது உடம்பில் கொழுப்பாகத் தங்காமல் வேறு எங்கே போகும்?

விளைவு கண்கூடு. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் தங்கள் உயரத்திற்கு மிஞ்சிய எடை உடையவர்கள். இதற்கு முந்திய கணக்கெடுப்பில் இது பெண்களில் 31, ஆண்களில் 28 ஆக இருந்தது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பட்டணத்துச் சீமான்களின் வியாதிகள் என்று கிராமங்களில் சொல்லி வந்த காலம் போய்விட்டது.

உழவு மாட்டிடம் கற்க வேண்டியது

குடியானவருக்கு இவ்விஷயம் புதிதன்று. தமது உழவு மாட்டின் திறத்தில் அவர் இதனை நன்கு அறிந்தே நடந்து வந்திருக்கிறார். உழவுக் காலத்தில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் கூட்டி வைப்பார். வேலையில்லாத மாதங்களில் தட்டையோடும் மேய்ச்சலோடும் நிறுத்திக்கொள்வார். சும்மா நிற்கும் மாட்டுக்கு உழவு மாட்டின் தீனியை வைப்பது வீண் செலவு என்பதோடு, மாடும் கொழுத்து நடை தளரும் என்பது அவர் அறிந்ததே. இதே கணக்கைத் தமது உடலுக்கும் கையாண்டால் போதுமானது.

மானாவாரி நிலத்தில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் விதைப்பும் களையெடுப்பும் மும்முரமாயிருக்கும்; தையிலும் மாசியிலும் அறுவடை நடக்கும். பங்குனி முதல் வைகாசி வரை வேலை சொற்பம். கோடையில் சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்வதும், வேலைக்காலத்தில் கூட்டிக்கொள்வதும் இயற்கையோடு ஒட்டிய முறை. ஒரே வீட்டிலும் எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது. வெங்காய நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுவதும் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு, வண்டியில் ஏறி மண்டிக்குப் போய்வரும் கணவனைவிடக் குறைவாக ஆகாரம் கிடைப்பது பல வீடுகளில் நடக்கிறது. கடைசியில் மிஞ்சியதை உண்ணும் அவ்வழக்கம் உடலுக்கும் கேடு, நியாயமும் அன்று. ஆகையால் இங்கே சொல்லப்படும் குறைப்பு, வயிறு நிரம்பாத கூலியாட்களுக்கோ, கருவுற்ற பெண்களுக்கோ, வளரும் குழந்தைகளுக்கோ உரியதன்று.

சிறுதானியத்தைப் பற்றி

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபையார் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினர். அவ்வாண்டு மே மாதம் முதல் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் ஏற்பாடும் தொடங்கிற்று. இதனால் சிறுதானியத்தின் மேல் ஜனங்களுக்கு மீண்டும் பற்று உண்டாகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கம்பையோ கேழ்வரகையோ எவ்வளவு உண்டாலும் உடல் பருக்காது என்று சிலர் எண்ணுவது தவறாகும். கம்பு 100 கிராமில் சுமார் 348 கலோரியும், சோளத்தில் 334-ம், கேழ்வரகில் 321-ம் உள்ளன. அரிசிக்கும் இவற்றுக்கும் இதில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் நார்ச்சத்தில் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 100-க்குச் சுமார் 3 கிராம் நார்ச்சத்து இருக்க, சோளத்தில் 10, கம்பிலும் கேழ்வரகிலும் 11 கிராம் வரை உள்ளது. இதனால் சிறுதானியச் சோறும் களியும் வயிற்றில் நெடுநேரம் நின்று, அடுத்த வேளைப் பசியைத் தள்ளிப்போடும். கேழ்வரகில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. இப்பலன் கிடைப்பது முழுத் தானியத்தில்தான். வெண்மையாகத் தீட்டிப் பொட்டலம் கட்டிய சாமையிலும் வரகிலும் நார்ச்சத்தின் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. எண்ணெயில் பொரித்த கம்பு முறுக்கும், சர்க்கரை சேர்த்த கேழ்வரகு பிஸ்கோத்தும் பெயரளவிலேயே சிறுதானியம்.

பழைய ஆகாரத்தைப் போற்றிப் பேசுவோர், அதனைத் தயாரித்த பெண்களின் பாட்டை மறந்துவிடுகின்றனர். வரகின் உமி பல அடுக்காக இறுகிப் படிந்திருப்பது. உரலிலும் திருகையிலும் பாடுபட்டு அதனை நீக்கிய பெண்கள், அரிசி வந்தவுடன் வரகைக் கைவிட்டதில் வியப்பொன்றுமில்லை. இப்போது உமி நீக்கும் இயந்திரங்கள் வந்திருப்பதால் அக்கஷ்டம் குறைந்திருக்கிறது. அன்றியும், மழையில் நனைந்து பூசணம் பிடித்த வரகை உண்டால் தலைச்சுற்றலும் மயக்கமும் உண்டாகும். கிறுக்கு வரகு என்று முன்னோர் எச்சரித்தது இதனையே. அறுத்த கதிரை ஈரத்தோடு போரிடலாகாது.

தட்டின் மறுபாதி

சோற்றைக் குறைத்தால் வயிறு வெறுமையாகக் கிடக்குமே என்பது நியாயமான கேள்வி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2024-இல் வெளியிட்ட உணவு விதிகளில், 2,000 கலோரி போதுமானவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரையுட்படக் காய்கறிகள் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கடலை முதலியன 35 கிராம், எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 27 கிராம் என்று அளவு கூறப்பட்டுள்ளது. முட்டையும் மாமிசமும் உண்போர் பருப்பின் ஒரு பகுதிக்கு ஈடாக அவற்றைக் கொள்ளலாம். நம் வீடுகளில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது. சோறு மலைபோல் குவிய, காய்கறி தொட்டுக்கொள்ளும் அளவுக்கே கிடைக்கிறது.

நம் நாட்டில் இது பழைய குறை. குன்னூரில் 1918-இல் தொடங்கப்பெற்று, பின்னாளில் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்ட ஆராய்ச்சி நிலையமே மேற்கூறிய நிறுவனத்தின் மூலமாகும். அங்கே 1920-களில் மக்காரிசன் துரை, இந்தியாவின் பல பகுதி மக்களின் ஆகாரங்களை எலிகளுக்கு வெவ்வேறாக ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் ஆகாரத்தை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடைக்கு வளர, தீட்டிய அரிசியை முக்கியமாகக் கொண்ட சென்னை ராஜதானி ஆகாரத்தை உண்டவை 155 கிராமோடு நின்று எல்லாவற்றிலும் மெலிந்திருந்தன. அக்காலத்தில் அந்தத் தட்டு மக்களை மெலியச் செய்தது. அதே தட்டு அளவில் பெருத்து, எண்ணெயும் சர்க்கரையும் கூடிய பிறகு பருக்கச் செய்கிறது. குறைபாடு இரண்டு காலத்திலும் பருப்பிலும் காய்கறியிலும் பாலிலும்தான்.

பருப்பின் கணக்கைப் பார்த்தால் குடியானவர் திகைப்பார். தலைக்கு 85 கிராம் வீதம் நால்வருக்கு மாதம் 10 கிலோவுக்கு மேல் வேண்டும். நியாயவிலைக் கடையில் துவரை கிடைப்பது ஒரு கிலோ. எஞ்சியதை விலைக்கு வாங்குவதைவிட விளைவிப்பது எளிது. பருத்தியில் உளுந்தையும், மக்காச்சோளத்தில் தட்டைப்பயற்றையும் ஊடுபயிராக விதைக்கலாம். வரப்போரங்களில் துவரை ஊன்றலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. மக்காச்சோளத்தில் பயறு ஊடுபயிர் செய்பவர் அட்ரசின் களைக்கொல்லியைத் தெளிக்கக் கூடாது. தெளித்தால் பயறு முளையிலேயே கருகிவிடும்.

காய்கறிக்கு வீட்டுக் கொல்லையே போதும். ஆடிப்பட்டத்தில் அவரையும் புடலும் பந்தலேற்றலாம். தண்டுக்கீரையும் அரைக்கீரையும் குளிக்கும் தண்ணீர் பாயும் இடத்திலேயே ஒரு மாதத்திற்குள் பறிப்புக்கு வரும். பெரியகுளத்தில் உண்டாக்கப்பட்ட பி.கே.எம். 1 முருங்கை, விதை ஊன்றிய ஆறு மாதத்தில் காய்க்கும். கீரையோ அதற்கும் முன்னே கிடைக்கும். வெங்காயம் விளைவிக்கும் வீட்டில் கூட்டுக்கும் குழம்புக்கும் வெங்காயத்திற்குப் பஞ்சமில்லை. முதலில் கூட்டையும் கீரையையும் பருப்பையும் உண்டுவிட்டுப் பிறகு சோற்றில் கைவைத்தால், இரண்டாம் முறை சோறு கேட்கும் வழக்கம் தானே குறையும்.

எண்ணெயையும் சர்க்கரையையும் அளப்பவர் அரிது. நால்வர் உள்ள வீட்டுக்கு நெய் முதலியவை உள்பட மாதம் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் எண்ணெய்தான் கணக்கு. முதல் தேதியில் இவ்வளவை அளந்து தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் தேதியில் தீர்ந்தது என்பதே பாடமாகும். பெருஞ்சாலையோரத் தேநீர்க் கடைகளில் டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என வைத்தால் ஐந்து டம்ளரில் 50 கிராம் ஆகிறது. நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. தேநீரோடு வரும் போண்டாவும், இரவில் உண்ணும் பரோட்டாவும் தனிக்கணக்கு. அம்மனுக்கு இடும் மாவிளக்கிலும் வெல்லமும் நெய்யும் உண்டு. ஆனால் அரிசியை ஊறவைத்து, உலக்கையால் இடித்து, வேண்டுதலுக்கென இடும் அந்த மாவு எப்போதோ ஒரு நாள் வாய்க்கு வருவது. கடைத் தின்பண்டம் நாள்தோறும் வருகிறது.

ஒருவர் தம் எடை சரிதானா என்று அறிய, 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 47 முதல் 59 கிலோ வரை தகும் என்பதைக் கொள்ளலாம். வெங்காய மூட்டையைக் கிராம் சுத்தமாக எடை போடும் குடியானவர், அதே தராசின் மேல் தாம் ஒருமுறையேனும் ஏறி நின்றிருப்பாரா என்பது சந்தேகம். மிஞ்சிய எடையைக் குறைக்க விரும்புவோர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மூன்று வேளையில் ஒரு வேளைச் சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்டி, இரவு ஆகாரத்தைப் பொழுதோடு முடித்து, மாதம் ஒரு கிலோ குறைந்தாலே நல்லது. நீரிழிவுக்கு மாத்திரை அல்லது ஊசி கொள்வோர், மருத்துவரைக் கேளாமல் ஆகாரத்தைத் திடீரெனக் குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சோதிக்கும் ஊழியரிடம் முன்னரே சொல்லிவிடுதல் உத்தமம்.

எடை பார்க்க வசதியில்லாதவர்க்கு வேறொரு வழி உண்டு. அரைஞாண் கயிற்றை வருஷந்தோறும் நீட்டிக் கட்ட நேரிடுவதே முதல் அறிகுறி. சரியாக அளக்க வேண்டுமாயின், ஒரு நூலை ஆணுக்கு 90 சென்டிமீட்டரிலும், மற்றொன்றைப் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரிலும் முடிச்சிட்டு, மாதம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, வயிற்றை உள்ளிழுக்காமல் சுற்றிப் பார்க்கலாம். முடிச்சு எட்டாவிட்டால் அம்மாதச் சோற்றில் ஒரு கரண்டியும், தேநீரில் ஒரு டம்ளரும் குறைய வேண்டும். நூல் இரண்டையும் அடுப்பங்கரைச் சுவரில், அரிசிப் பானைக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டிவைத்தால் போதும்.