ஈஸ்வரியின் அண்ணன் யார் தெரியுமா?

‘திமிரு’ என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது ஈஸ்வரிதான். ஸ்ரேயா ரெட்டி அப்படி மிரட்டியிருப்பார். அந்த ஈஸ்வரிக்கு ஒரு அண்ணன் வருவாரே, கறுத்த, இறுகிய உடம்போடு, பார்வையாலேயே ஆளை நிறுத்தும் மனிதர்? 2006-ல் விஷாலுக்கு எதிரே அவர் வந்து நின்றபோது, “யாருப்பா இந்தப் புது வில்லன்?” என்றுதான் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் கேட்டார்கள்.

திருச்சூரிலோ கொல்கத்தாவிலோ அப்படி ஒருவர் கேட்டிருக்க முடியாது. ஐ.எம். விஜயன் அங்கே வீட்டுப் பிள்ளை. 1993, 1997, 1999 என்று மூன்று முறை இந்தியாவின் சிறந்த கால்பந்து வீரராகத் தேர்வானவர். கொல்கத்தா ரசிகர்கள் அவருக்கு வைத்த செல்லப் பெயர் ‘கறுப்பு மான்’.

பத்துப் பைசா சோடா

1969-ல் திருச்சூரில் பிறந்தவர் விஜயன். வீட்டில் வறுமை. ஊரின் நகராட்சி மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாட்களில் சிறுவன் விஜயன் சோடா விற்பான். பாட்டிலுக்குப் பத்துப் பைசா. கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து போக வேண்டும், பாட்டில் உடையக் கூடாது, ஒரு கண் எப்போதும் பந்தின் மேல் இருக்கும். வியாபாரத்துக்கு வியாபாரம், பாடத்துக்குப் பாடம்.

பதினேழு வயதில் கேரள போலீஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. வி.பி. சத்யன், சி.வி. பாப்பச்சன், ஷரஃப் அலி என்று பெரும் ஆட்டக்காரர்கள் நிறைந்த அணி அது. 1990-ல் அந்த அணி ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டம் நடந்த ஊர் திருச்சூர். சோடா விற்ற பையனின் சொந்த ஊரிலேயே கோப்பை வந்து சேர்ந்தது.

அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் மோகன் பகான் அழைத்தது. பிறகு பஞ்சாபின் ஜேசிடி, கேரளத்தின் எஃப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால் என்று நாடு முழுக்க ஆடினார். 1999-ல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசியப் போட்டியில், பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய பன்னிரண்டாவது விநாடியில் கோல் போட்டார். ரசிகர்கள் இடம் பிடித்து உட்காருவதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. 2003-ல் ஹைதராபாத் ஆப்பிரிக்க – ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு கோல்கள் அடித்து, இந்தியா வெள்ளி வெல்லக் காரணமாக இருந்து, அத்துடன் தேச அணியிலிருந்து விடைபெற்றார். அப்போது அவருக்கு வயது 34.

உடம்பு சொல்லும் பொய்

கால்பந்து வீரர் சண்டைப் படத்துக்குப் போவது உலகில் புதிதில்லை. 1988-ல் விம்பிள்டன் அணிக்காக எஃப்.ஏ. கோப்பை வென்ற வின்னி ஜோன்ஸ், பத்தே ஆண்டில் ஆங்கிலப் படங்களில் அடியாளாக வந்து நிலைத்துவிட்டார். இவர்களுக்கு இது எப்படிக் கைவருகிறது?

கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஸ்ட்ரைக்கரைப் பாருங்கள். பின்னால் எதிரணி ஆள் மூச்சுப் படும் தூரத்தில் நிற்கிறார். பந்து வருகிறது. ஸ்ட்ரைக்கரின் இடது தோள் லேசாக இறங்குகிறது, பார்வையும் இடப்பக்கம் ஓடுகிறது. எதிராளி அந்தப் பக்கம் பாய்ந்த நொடியில், ஆளும் பந்தும் வலப்பக்கம் போயாயிற்று. போக்குக் காட்டுவது என்று நாம் சொல்வது இதைத்தான். உடம்பு துளியும் கூச்சமில்லாமல் ஒரு பொய் சொல்கிறது. எதிரே நிற்பவர் அதை நம்புகிறார்.

சினிமாச் சண்டையிலும் நடப்பது இதுவே. தாடைக்கு முன் விரற்கடை தூரத்தில் குத்து நிற்க வேண்டும். பட்டது என்று கேமரா நம்ப வேண்டும். வாங்குபவரின் தலை சரியான நொடியில் திரும்ப வேண்டும், அடிபடாமல் விழ வேண்டும், குறித்த இடத்தில் விழ வேண்டும். இருபது வருடம் மைதானத்தில் விழுந்து எழுந்தவருக்கு இதைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால் விஜயன் அடிதடி மட்டும் தெரிந்த நடிகர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் ஏற்ற முதல் முக்கிய வேடம், ஜெயராஜ் இயக்கிய ‘சாந்தம்’ என்ற மலையாளப் படத்தில். அரசியல் பகையில் நண்பனையே கொன்றுவிட்டு, அந்தக் குற்ற உணர்ச்சியில் வெந்து போகும் இளைஞனாக வருவார். 2000-ம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. கொலையின் பாரத்தைச் சுமந்து நின்ற அதே உடம்பைத்தான் நாம் ‘திமிரு’வில் கொலைவெறியோடு பார்த்தோம்.

அதே வருடம், முந்தைய மாதம்

‘திமிரு’ வெளியானது 2006 ஆகஸ்டில். அதற்கு முந்தைய மாதம், சென்னைப் பல்லாவரத்தில் ஒருவர் ரயிலில் அடிபட்டு இறந்தார். அவர் வி.பி. சத்யன். விஜயனோடு கேரள போலீஸ் அணியில் ஆடியவர், இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர். 1992-ல் கோயம்புத்தூரில் கேரளம் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அணியை வழிநடத்தியவரும் அவரே. சென்னையில் இந்தியன் வங்கியில் வேலை பார்த்தார். நாற்பத்தோரு வயதுதான். இதே ஊரில், நமக்கு நடுவில், பஸ்ஸிலும் ரயிலிலும் போய் வந்துகொண்டிருந்தார். எத்தனை பேருக்கு முகம் தெரியும்?

ஒரே அணியின் இரண்டு பேர். ஒருவரை சினிமா தூக்கி நிறுத்தி நமக்கு முகம் காட்டியது. இன்னொருவர் முகம் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். கோல் போட்டதற்காக நாம் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய மனிதரை, ஹீரோவிடம் அடி வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டோம் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். குறை விஜயனிடமும் இல்லை, சினிமாவிடமும் இல்லை. கிரிக்கெட் வீரரின் காய்ச்சலைக்கூடச் செய்தியாக்கிய நாம், கால்பந்துக்காரர்களைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

‘கொம்பன்’, ‘பிகில்’ என்று விஜயன் தமிழில் தொடர்ந்து வந்தார். பெண்கள் கால்பந்தைப் பற்றிய ‘பிகில்’ படத்தில்கூட அவருக்குக் கிடைத்தது ரவுடிக் கூட்டத்து வேடமே. படம் முழுக்கப் பந்து உருள்கிறது. அதை உருட்டத் தெரிந்த கால்கள் ஓரமாக நிற்கின்றன.

2025-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. கிளப்புகளுக்காக விட்டுப்போன போலீஸ் வேலைக்குத் திரும்பி வந்தவர், அதே ஆண்டில் மலபார் சிறப்புக் காவல் படையின் துணை கமாண்டன்ட்டாக ஓய்வுபெற்றார்.

அடுத்த முறை டிவியில் ‘திமிரு’ ஓடும்போது, ஈஸ்வரியின் அண்ணன் வருகிற இடத்தில் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் சொல்லுங்கள். இந்த மாமா சின்ன வயதில் மைதானத்தில் சோடா விற்றார், பிறகு அந்த மைதானமே எழுந்து நின்று கைதட்டுகிற மாதிரி ஆடினார் என்று. வில்லனைப் பார்த்து மிரண்ட கண்கள் ஒரு நிமிஷம் அகல விரியும். நாம் அன்று கேட்கத் தவறிய கேள்வியை அந்தப் பிள்ளை கேட்கும்: “அவர் ஆடினதைப் பார்க்கணுமே, எங்கே இருக்கு?”