வளைந்த கண்ணாடிப் பெட்டிக்கு எந்தத் தகடு?

வலப்பனைப் பகுதிக்கு மண்சரிவு புதிதல்ல. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மலை சரிந்ததைக் கண்டவர்கள், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையின்போது அதையே மறுபடியும் கண்டார்கள். லீக்ஸும் கரட்டும் போட்ட பாத்தி போய்விட்டது. வேறு காணி கிடைக்கும்வரை அடுப்பு எரிய வேண்டுமே! எமக்குத் தெரிந்த சில குடும்பங்கள் வீதியோரத்தில் வடையும் ரொட்டியும் விற்கத் தொடங்கியிருக்கின்றன. அவர்களுக்கு இப்போது வேண்டியிருப்பது ஒரு கண்ணாடிப் பெட்டி.

பஸ் போகும்போதெல்லாம் புழுதி. மழை விட்டால் ஈ. திறந்து வைத்த பலகாரத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் கேள்வி கேட்பார், கேட்கத்தான் வேண்டும். பேக்கரிகளில் இருப்பதுபோல முன்பக்கம் வளைந்த பெட்டியாக இருந்தால், நின்றபடியே மேலிருந்து பார்க்கலாம். பார்வையை மறைக்கும் சட்டம் நடுவில் இல்லை. மெல்லிய தகடும் வளைந்தவுடன் விறைப்பாகிவிடும். தபாலட்டையை வளைத்துப் பிடித்துப் பார்த்தால் இது விளங்கும்.

உண்மையான கண்ணாடியை வளைப்பதற்குச் சூளை வேண்டும். பாரமும் அதிகம். ஒரே அளவுள்ள பிளாஸ்டிக் தகடு கண்ணாடியின் பாதி நிறைகூட வராது. பெட்டியைக் காலையில் தூக்கிப்போய் மாலையில் தூக்கி வருகிறவர்களுக்கு இது சின்ன விடயமல்ல.

ஆனால் கடையில் “தெளிவான பிளாஸ்டிக்” என்று கேட்டால் மூன்று நான்கு சாமான்களை எடுத்துப் போடுவார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். நாம் ஏமாந்தது அங்கேதான். நில்தண்டாஹின்னைக்குப் போகும் வழியில் ஒரு குடும்பத்துக்கு முதற்பெட்டி செய்துகொடுத்தபோது, 3 மில்லிமீற்றர் பேர்ஸ்பெக்ஸ் வாங்கினோம். தடிப்பாக இருந்தால் பலம் என்பது எமது கணக்கு. ஓரடி வளைவுக்கு இரண்டுபேர் அமுக்கிப் பிடிக்க, இறுக்கமாக ஸ்குரூ ஆணி அடித்தோம். ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பசையைத் தின்னர் போட்டுத் துடைத்தோம். மூன்றாம் நாள் விடியற்குளிரில் ஆணித் துளையிலிருந்து வெடிப்பு ஓடியிருந்தது. தின்னர் பட்ட இடமெல்லாம் மயிரிழைக் கீறல்கள். கடனுக்கு வாங்கிய தகடு அது. குற்றம் தகட்டில் இல்லை, எம்மில்தான்.

பேர்ஸ்பெக்ஸ் என்பது அக்ரிலிக். இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கூண்டுக்கு இதைத்தான் வளைத்துப் போட்டார்கள். உடைந்த துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் தங்கியும் கண் அவற்றைப் பெரிதும் பகைக்கவில்லை என்பதைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி என்ற வைத்தியர், 1949இல் லண்டனில் அதே பொருளால் செய்த வில்லையைக் கண்ணுக்குள் வைத்தார். எமது பாட்டிமார் வெண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்து வில்லை வைத்துக்கொள்வதற்கு ஆரம்பம் அதுதான். நல்ல பொருள், தெளிவு அதிகம், வெயிலில் எளிதில் மஞ்சளாகாது. ஆனால் சூடாக்காமல் வளைத்தால் முறுகி வெடிக்கும். அப்படி வளைப்பதானால், வளைவின் ஆரை தகட்டின் தடிப்பைப் போல ஏறத்தாழ 330 மடங்கு இருக்க வேண்டும். 3 மில்லிமீற்றர் தகட்டுக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர். நாம் கேட்டதோ ஓரடி!

பொலிகாபனேட் தகட்டுக்கு 150 மடங்கு போதும். 2 மில்லிமீற்றர் தகடு 30 சென்ரிமீற்றர் ஆரைக்கு, அதாவது ஓரடிக்கு, சூடு இல்லாமலே வளைந்து கொடுக்கும். அடிபட்டாலும் இலகுவில் உடையாது. குறை என்னவென்றால் சீக்கிரம் கீறு விழும். வெயில் காப்புப் பூச்சு இல்லாதது மஞ்சளாகும். பூச்சுள்ள பக்கம் எதுவென்று மேல்தாளில் குறித்திருக்கும். அதுவே வெளியே இருக்க வேண்டும். கூரைக்குப் போடும் உள்ளே கூடுகூடான பொலிகாபனேட் இதற்கு உதவாது, வடை மங்கலாகத் தெரியும்.

மலிவாகக் கிடைக்கும் பொலிஸ்டைரீன் தகட்டிடம் ஏமாற வேண்டாம். வெட்டுத்துண்டு ஒன்றின்மேல் தோடம்பழத் தோலைப் பிழிந்து விடுங்கள். தோல் எண்ணெய் பட்ட இடம் கரைந்து பிசுபிசுத்தால் அது பொலிஸ்டைரீன். சும்மா வளைத்தாலும் பட்டென்று முறியும். எரித்துப் பார்த்து அறியலாம் என்பார்கள், பீ.வீ.சீ.யாக இருந்தால் அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

அக்ரிலிக்கையே சூடாக்கி வளைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முடியும். 150 முதல் 160 பாகை சூட்டில் அது துணிபோல் தொய்யும். கம்பளி சுற்றிய அச்சின்மேல் படுக்கவைத்துத் தானாக ஆறவிட வேண்டும். சூட்டை அளக்கும் அடுப்புள்ள பட்டறையில் செய்ய வேண்டிய வேலை இது. விறகடுப்பில் காட்டினால் குமிழி விடும், தீயும் பிடிக்கும். பெட்டி செய்து முடிந்த பிறகும் அடுப்பும் குப்பி விளக்கும் அதற்குக் கிட்ட வரக்கூடாது.

இரண்டாவது தடவை நாம் செய்தது இப்படி. சீமெந்துத் தரையில் ஆணி வைத்து, ஓரடி நூலில் சோக்கட்டி கட்டிக் கால்வட்டம் கீறினோம். அதை அச்சாக வைத்துப் பக்கப் பலகை இரண்டையும் பாஸ் வெட்டித் தந்தார். ஓரடி ஆரைக்கு வளைவின் நீளம் பதினெட்டரை அங்குலம் சொச்சம். மேலும் கீழும் அலுமினியத் தவாளிப்புக்குள் போவதற்கும் சேர்த்து 20 அங்குலம். நாலடிக்கு எட்டடித் தகட்டைக் குறுக்கே வெட்டினால் நான்கு பெட்டிக்கு முன்பக்கம் வருகிறது, 16 அங்குலம் மிச்சம். ஆகவே நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு தகடு வாங்கின.

ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. மீற்றர் நீளமான தகடு 20 பாகை சூடு கூடும்போது ஏறத்தாழ 1.4 மில்லிமீற்றர் நீளும். காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே அது அசைய இடம் வேண்டும். அதனால் தவாளிப்புக்குள் 3 மில்லிமீற்றர் விட்டோம். வெட்டிய விளிம்பை நைசான மண்கடதாசியால் தேய்த்தோம். வெடிப்பு தொடங்குவது சொரசொரப்பான விளிம்பில்தான். மேல்தாளைக் கடைசியில் உரித்தோம். நாட்கணக்கில் வெயிலில் விட்டால் அது ஒட்டிக்கொண்டு வராது.

கழுவுவதற்குச் சவர்க்காரத் தண்ணீரும் பழைய பெனியன் துணியும் போதும். தேங்காய்ப் பொச்சு, சாம்பல், பெற்றோல், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். உலர்ந்த துணியால் தேய்த்தால் புழுதி இன்னும் வந்து ஒட்டும்.

ஒன்றை நாம் முன்கூட்டி யோசிக்கவில்லை. சுடச்சுட வடையை உள்ளே வைத்ததும் தகடு முழுக்க ஆவி படிந்து, வடையும் நமுத்துப்போனது. அந்த வீட்டு அக்கா பின்கதவின் மேல்பக்கத்தில் இரண்டு விரல் அகலம் வெட்டி, நுளம்பு வலைத் துண்டொன்றைத் தைத்துவிட்டார். மற்ற மூன்று பெட்டிகளுக்கும் வலை வெட்டிக் கொடுத்தவர் அவர்தான்.