ஷோபினின் பியானோ வகுப்புகள்

போலந்தில் பிறந்த இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான பிரெடெரிக் ஷோபின் (1810–1849), 1830களின் தொடக்கம் முதல் தம் இறுதிக்காலம் வரை பாரிஸ் நகரில் தனிப்பட்ட முறையில் பியானோ கற்பித்து வந்தார். இவ்வகுப்புகளே அவருடைய முதன்மையான வருமானம் ஆகும். சிறுவர்கள், பிரபுக் குடும்பப் பெண்கள், பொழுதுபோக்காகக் கற்ற நடுவயதினர், தொழில்முறைக் கலைஞராக விரும்பிய இளைஞர்கள் எனப் பலதரப்பட்டோர் அவரிடம் பயின்றனர். மொத்தம் ஏறக்குறைய 150 பேர் அவரிடம் கற்றதாகக் கணக்கிடப்படுகிறது.

எல்லா மாணவருக்கும் பொருந்தும் ஒரே பயிற்சிமுறை என ஒன்றை ஷோபின் விட்டுச் செல்லவில்லை. அவர் எழுதத் தொடங்கிய பாடநூல் முற்றுப்பெறவில்லை. மாணவர்களின் இசைத்தாள்களில் அவர் பென்சிலால் இட்ட குறிப்புகளும், மாணவர்கள் எழுதிய கடிதங்களும் நினைவுக்குறிப்புகளுமே அவருடைய கற்பித்தலை இன்று அறிய உதவும் முக்கியச் சான்றுகள் ஆகும்.

பின்னணி

ஷோபினுக்குச் சிறுவயதில் பியானோ கற்பித்தவர் வோய்செக் சிவ்னி. செக் நாட்டைச் சேர்ந்த இவர் அடிப்படையில் ஒரு வயலின் கலைஞர். பாக், மோட்சார்ட் ஆகியோரின் இசையைச் சிறுவனுக்கு அறிமுகப்படுத்திய சிவ்னி, கைப்பயிற்சியில் கடுமையான விதிகள் எதையும் திணிக்கவில்லை. அதனால் ஷோபினின் கைகள் பெரும்பாலும் தாமாகவே தம் வழியைக் கண்டுகொண்டன. பின்னர் வார்சாவில் யூசெஃப் எல்ஸ்னரிடம் அவர் இசையமைப்புக் கற்றார்.

1830 நவம்பரில் வார்சாவை விட்டு வெளியேறிய ஷோபின், 1831 இலையுதிர்காலத்தில் பாரிஸை அடைந்தார். அங்கு புகழ்பெற்ற பியானோ ஆசிரியராக விளங்கிய பிரெடெரிக் கால்க்பிரென்னர், தம்மிடம் மூன்று ஆண்டுகள் பயிலுமாறு அவரை அழைத்தார். ஷோபின் அந்த அழைப்பை ஏற்கவில்லை. எனினும் இருவருக்கும் இடையே நல்லுறவு நீடித்தது. தம் ஈ மைனர் பியானோ கான்செர்ட்டோவை ஷோபின் கால்க்பிரென்னருக்கே காணிக்கையாக்கினார்.

பெரிய அரங்குகளில் வாசிப்பதை ஷோபின் விரும்பவில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் நடத்திய பொதுக் கச்சேரிகள் ஏறக்குறைய முப்பது மட்டுமே. கச்சேரிகளால் பொருளீட்டாத ஒரு கலைஞருக்கு, வகுப்பும் இசைநூல் வெளியீடும் தவிர வேறு வழி இருக்கவில்லை. பாரிஸின் செல்வக் குடும்பங்களில் அவருக்கு விரைவிலேயே மாணவர்கள் கிடைத்தனர்.

வகுப்புகளின் அமைப்பு

ஒரு வகுப்புக்கான கட்டணம் 20 பிராங்குகள். ஆசிரியர் மாணவர் வீட்டுக்குச் செல்ல வேண்டுமானால் 30 பிராங்குகள். வண்டியும் அனுப்ப வேண்டும். அன்றைய பாரிஸில் இது ஒரு தொழிலாளியின் பல நாள் கூலிக்கு ஈடான தொகையாகும். பணத்தை ஆசிரியரின் கையில் கொடுக்கும் வழக்கம் இல்லை. மாணவர்கள் அதைக் கணப்பு மாடத்தின் மேல் வைத்துவிட்டுச் செல்வர்.

ஷோபின் நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்து மாணவர்களுக்குக் கற்பித்தார். வகுப்பு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நடைபெறும். திறமை மிக்க மாணவர்களுக்கு இது பல மணி நேரமாக நீள்வதும் உண்டு. அக்டோபர் அல்லது நவம்பர் முதல் மே வரை வகுப்புக் காலம். பல ஆண்டுகள் கோடைகாலத்தை எழுத்தாளர் ஜார்ஜ் சாந்தின் நொஆன் கிராமத்து வீட்டில் கழித்த ஷோபின், தம் இசைப்படைப்புகளில் கணிசமானவற்றை அங்குதான் எழுதினார். குளிர்கால வகுப்புகளின் வருமானம் கோடைகாலப் படைப்புக்கு இடமளித்தது எனலாம்.

வகுப்பறையில் இரண்டு பியானோக்கள் இருந்தன. பிளேயல் நிறுவனத்தின் பெரிய கிராண்ட் பியானோவில் மாணவர் அமர்வார். ஆசிரியர் அருகிலிருந்த சிறிய நிமிர்ந்த பியானோவில் அமர்ந்து, தேவைப்படும் இடங்களை வாசித்துக் காட்டுவார்; சில சமயம் துணையாகவும் வாசிப்பார். சொல்லால் விளக்கியும் பயனில்லாத இடத்தில் வாசித்துக் காட்டுவது அவருடைய வழக்கம்.

மாணவர்கள்

எழுத்தறியாத குழந்தைக்கு முதல் பாடம் சொல்வது போன்ற தொடக்கநிலைப் பயிற்சியை ஷோபின் பொதுவாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்களே அவரிடம் வந்தனர். அந்த எல்லைக்குள் வயதிலும் திறனிலும் பெரும் வேறுபாடு இருந்தது.

கார்ல் ஃபில்ச் என்ற திரான்சில்வேனியச் சிறுவன் 1841 இல் பாரிஸுக்கு வந்தபோது அவனுக்கு வயது 11. ஷோபினின் ஈ மைனர் கான்செர்ட்டோவை அவன் வாசிக்க, இசைக்குழுவின் பகுதியை ஷோபின் இரண்டாவது பியானோவில் வாசித்தார். மாணவர்களுள் மிகச் சிறந்தவனாகக் கருதப்பட்ட ஃபில்ச், 1845 இல் 15 வயது நிறைவதற்கு முன்பே வெனிஸில் இறந்தான்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேன் ஸ்டர்லிங் ஆசிரியரை விட ஆறு வயது மூத்தவர். தொழில்முறைக் கலைஞராகும் நோக்கம் இல்லாமல் கற்ற அவருக்கு, ஷோபின் தம் 55ஆம் படைப்பான இரண்டு நாக்டர்ன்களைக் காணிக்கையாக்கினார். வியன்னாவிலிருந்து வந்த ஃபிரீடெரிகே மியூல்லர் 1839 முதல் 1841 வரை கற்றார். வகுப்பில் நடந்தவற்றை அவர் தம் குடும்பத்தாருக்குக் கடிதங்களில் விரிவாக எழுதி அனுப்பினார். உருசிய அதிகாரியான வில்ஹெல்ம் ஃபொன் லென்ஸ், ஜார்ஜ் சாந்தின் மகள் சோலாஞ்ச், ரோத்ஸ்சைல்ட் குடும்பத்தின் சார்லோட் ஆகியோரும் அவரிடம் கற்றவர்களே.

பெண்களிடம் மரியாதையாக நடந்துகொண்ட ஆசிரியர் என்று மாணவர்கள் அவரை நினைவுகூர்கின்றனர். எனினும் கவனக்குறைவான வாசிப்பு அவருக்குக் கடும் கோபத்தை ஏற்படுத்தியது. கண்ணீருடன் வகுப்பை விட்டு வெளியேறிய மாணவிகளும் உண்டு.

கற்பித்தல் முறை

கையின் நிலை

பியானோ கற்போர் வழக்கமாக சி மேஜர் சுரவரிசையில் தொடங்குவர். அதில் கறுப்புக் கட்டைகள் இல்லாததால் இசைத்தாளில் படிப்பதற்கு அதுவே எளிது. படிப்பதற்கு எளிதானது கைக்கு எளிதானதல்ல என்பது ஷோபினின் கருத்து. மனிதக் கையில் நடுவிலுள்ள மூன்று விரல்கள் நீளமானவை. கட்டைவிரலும் சிறுவிரலும் குட்டையானவை. வெள்ளைக் கட்டைகளில் மட்டும் வாசிக்கும்போது நீண்ட விரல்கள் மடங்கியே இருக்க வேண்டும்.

ஆகவே அவர் வலக்கையின் ஐந்து விரல்களையும் முறையே ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி ஆகிய சுரங்களின் மேல் வைக்கச் சொன்னார். இந்நிலையில் நீண்ட மூன்று விரல்களும் உயரமாக உள்ள கறுப்புக் கட்டைகளில் அமைகின்றன. குட்டை விரல்கள் இரண்டும் வெள்ளைக் கட்டைகளில் அமைகின்றன. கை வளைந்து கொடுக்க வேண்டிய தேவை இல்லை. இதே காரணத்தால் சுரவரிசைகளில் பி மேஜரை முதலிலும் சி மேஜரை இறுதியிலும் கற்பித்தார்.

விரல்களின் இயல்பு

எல்லா விரல்களையும் ஒரே வலிமை உடையனவாக ஆக்குவதே அக்காலப் பயிற்சியின் குறிக்கோளாக இருந்தது. 1814 இல் காப்புரிமை பெற்ற, யோகான் லோகியரின் கைராப்ளாஸ்ட் போன்ற கருவிகள் கையை ஒரே நிலையில் பிடித்து வைக்கப் பயன்படுத்தப்பட்டன. கால்க்பிரென்னரும் அத்தகைய கைதாங்கிச் சட்டம் ஒன்றைப் பரிந்துரைத்தார்.

ஷோபின் இதற்கு மாறான நிலையை எடுத்தார். விரல்கள் அமைப்பிலேயே வேறுபட்டவை. கட்டைவிரல் மிகவும் வலிமையானது. மோதிரவிரல் மிகவும் வலிமை குறைந்தது. இந்த வேறுபாட்டை அழிக்க முயல்வதை விட, ஒவ்வொரு விரலுக்கும் உரிய ஒலியின் தன்மையைப் பேணி வளர்ப்பதே மேல் என அவர் கருதினார். இதனால் எந்தச் சுரத்தை எந்த விரலால் வாசிப்பது என்பது அவரிடம் வெறும் வசதி குறித்த கேள்வியாக இல்லாமல், ஒலியைத் தீர்மானிக்கும் கேள்வியாக மாறியது.

தளர்வும் பயிற்சி நேரமும்

தொடக்கத்தில் சுரவரிசைகளை மணிக்கட்டிலிருந்து எழும் இலேசான, விட்டுவிட்டு ஒலிக்கும் ஸ்டக்காட்டோவாக வாசிக்கச் செய்தார். கை இறுகிப் போகாமல் இருக்க இது உதவியது. அதன் பிறகே சுரங்களை இணைத்து வாசிக்கும் லெகாட்டோவுக்கு மாணவர் கொண்டு செல்லப்பட்டார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்ய வேண்டாம் என்று அவர் அறிவுறுத்தினார். மனம் ஒன்றாமல் விரல்களை மட்டும் இயக்கும் பயிற்சியால் பயனில்லை என்பது அவருடைய எண்ணம்.

பாட்டும் தாளமும்

ஷோபின் இத்தாலிய ஓபராவைப் பெரிதும் விரும்பினார். ரூபினி போன்ற பாடகர்களைக் கேட்குமாறும், இயன்றால் பாடவும் கற்குமாறும் மாணவர்களிடம் கூறினார். பாடுவோர் மூச்சு எடுக்கும் இடத்தில் பியானோ வாசிப்பவரின் மணிக்கட்டு உயர வேண்டும் என்று விளக்கினார்.

ருபாட்டோ எனப்படும் நெகிழ்வான காலப்போக்குக்கு அவர் புகழ்பெற்றவர். ஆயினும் மெட்ரோனோம் அவருடைய பியானோவின் மேல் எப்போதும் இருந்ததாக மாணவர் கரோல் மிகூலி குறிப்பிடுகிறார். இசைக்குழு நடத்துநர் போல இடக்கை தாளத்தைக் காக்க வேண்டும். வலக்கை அதன் மேல் சற்றே முந்தியும் பிந்தியும் பாடலாம் என்பதே ருபாட்டோவுக்கு அவர் தந்த விளக்கம்.

பாடத்திட்டம்

கிளெமென்டியின் பயிற்சிகள், கிராமரின் எட்யூட்கள், பாக்கின் பிரெலூட்–ஃபியூக் தொகுப்பு, ஜான் ஃபீல்டின் நாக்டர்ன்கள் ஆகியவை அடிக்கடி கற்பிக்கப்பட்டன. ஷோபினின் சொந்த எட்யூட்கள் போதிய தேர்ச்சி பெற்றவர்களுக்கே கொடுக்கப்பட்டன.

இசைத்தாள்களில் உள்ள குறிப்புகள்

வகுப்பின்போது ஷோபின் மாணவரின் அச்சிட்ட இசைத்தாளில் விரல் எண்களையும், அச்சுப்பிழைத் திருத்தங்களையும், மாற்று அலங்காரங்களையும் பென்சிலால் எழுதினார். ஜேன் ஸ்டர்லிங்கின் ஏழு தொகுதிகளும், பின்னாளில் துய்புவா என அறியப்பட்ட கமீல் ஓமியாராவின் மூன்று தொகுதிகளும் பிரான்சின் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இவற்றை ஒப்பிட்டால் ஒரு செய்தி தெளிவாகிறது. ஒரே இடத்துக்கு வெவ்வேறு மாணவர்களின் தாள்களில் வெவ்வேறு விரல் எண்கள் காணப்படுகின்றன. 9ஆம் படைப்பின் இரண்டாவது நாக்டர்னில் அலங்காரங்களே பல வடிவங்களில் உள்ளன. பதிப்பாசிரியர்களுக்கு இது சிக்கலான நிலையாகும்; எது இறுதி வடிவம் என்று கூற இயலாது. கற்பித்தல் நோக்கில் பார்த்தால், விரல்களுக்கு இடையிலான வேறுபாட்டை மதித்த ஆசிரியர் மாணவர்களுக்கு இடையிலான வேறுபாட்டையும் அவ்வாறே அணுகினார் என்பதற்கு இவை சான்றாகின்றன.

இறுதி ஆண்டுகள்

1848 பெப்ரவரி 16 அன்று ஷோபின் பாரிஸில் தம் கடைசிக் கச்சேரியை நடத்தினார். சில நாட்களில் அந்நகரில் புரட்சி வெடித்தது. வசதி படைத்த குடும்பங்கள் பல வெளியேறியதால் வகுப்புகள் நின்றன. தனி வகுப்பை மட்டுமே நம்பிய ஆசிரியரின் நிலை எவ்வளவு உறுதியற்றது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. காசநோயால் தளர்ந்திருந்ததாகக் கருதப்படும் அவர், ஜேன் ஸ்டர்லிங்கின் ஏற்பாட்டில் ஏப்ரலில் இலண்டன் சென்று, வகுப்புக்கு ஒரு கினி வீதம் பெற்றுக் கற்பித்தார். நவம்பரில் பாரிஸ் திரும்பினார். 1849 அக்டோபர் 17 அன்று 39ஆம் வயதில் காலமானார்.

அவர் எழுதத் தொடங்கிய பாடநூலின் குறிப்புத் தாள்கள் கைமாறி, 1936 இல் பியானோ கலைஞர் அல்ஃப்ரெட் கொர்த்தோவிடம் வந்து சேர்ந்தன. ஆய்வாளர் ழான்-ழாக் ஐகெல்டிங்கர் 1993 இல் அவற்றைப் பதிப்பித்தார்.

தாக்கம்

ஃபில்ச்சின் இளவயது மரணத்தாலும், மாணவர்களுள் பலர் மேடைக்கு வராத செல்வக் குடும்பத்தினராக இருந்ததாலும், லிஸ்ட்டுக்கு அமைந்தது போன்ற பெரிய சீடர் பரம்பரை ஷோபினுக்கு அமையவில்லை. அவருடைய கற்பித்தலைத் தொடர்ந்தவர்களுள் இருவர் முக்கியமானவர்கள். கரோல் மிகூலி லிவீவ் நகரில் கற்பித்ததுடன், ஆசிரியரின் படைப்புகளையும் பதிப்பித்தார். அவருடைய மாணவர்களான மோரிஸ் ரோசென்தால், ராவுல் கொச்சால்ஸ்கி ஆகியோரின் வாசிப்பு ஒலிப்பதிவுகளாகக் கிடைக்கிறது. ஜார்ஜ் மத்தியாஸ் பாரிஸ் இசைக்கல்லூரியில் பேராசிரியரானார். எரிக் சாத்தி அவரிடம் கற்றவர்.

கையைச் சட்டத்தில் பொருத்தும் கருவிகள் பின்னர் வழக்கொழிந்தன. தளர்ந்த மணிக்கட்டு, விரல்களின் இயல்புக்கு ஏற்ற வாசிப்பு, அளவான பயிற்சி நேரம் ஆகியவை பிற்காலப் பியானோ ஆசிரியர்கள் பலரால் ஏற்கப்பட்டன. எனினும் தொடக்கநிலைப் பாடநூல்களுள் பெரும்பாலானவை இன்றும் வெள்ளைக் கட்டைகளில்தான் தொடங்குகின்றன. அச்சிட்ட நூல் பொதுவான மாணவரை நோக்கி எழுதப்படுவதால், படிப்பதற்கு எளிதான வழியை அது தேர்கிறது. எதிரில் அமர்ந்திருக்கும் மாணவரின் கையைப் பார்த்துத் தொடக்கத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு தனி வகுப்பின் ஆசிரியருக்கு உள்ளது.