காவிரிப் படுகைக் காய்ச்சல்களில் தட்டணுக்களும் செப்சிஸ் முன்கணிப்பும்

குருதித் தட்டணுக்களின் பணி உறைதலோடு முடிவதில்லை. கிருமிகள் உடலில் பரவும்போது அவை வெள்ளணுக்களோடு பிணைந்தும் நுண்குழல்களில் படிந்தும் விரைவாகச் செலவழிகின்றன. ஆகவே, தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுக்கடங்கா எதிர்வினையால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் நிலையில் தட்டணு எண்ணிக்கை சரிவது இயல்பே. வழக்கமான குருதிச் சோதனையிலேயே இது தெரிந்துவிடுவதால் சிறிய மருத்துவமனைகளுக்கும் எட்டும் குறியீடாக உள்ளது.

எனினும் காவிரிப் படுகையில் இக்குறியீட்டை அப்படியே ஏற்பதில் இடர் உண்டு. 2016இல் வெளியான பன்னாட்டு வரையறையின்படி, தொற்றுள்ள ஒருவருக்கு உறுப்புச் செயலிழப்பைக் கணக்கிடும் ‘சோஃபா’ மதிப்பெண் 2 புள்ளிகள் உயர்ந்தால் அது செப்சிஸ். தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 1,00,000க்குக் கீழே சென்றாலே அந்த 2 புள்ளிகள் கிடைத்துவிடுகின்றன. டெங்குவில் காய்ச்சல் தணியும் நாள்களில் இவ்வளவு சரிவு ஏற்படுவது வழக்கம். அந்நோயாளிகளுள் பலர் எழுந்து நடமாடக்கூடியவர்கள்! வரையறை அவர்களையும் செப்சிஸ் நோயாளிகளாக்கிவிடுகிறது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் சம்பா, தாளடிப் பயிர்க்காலம் வடகிழக்குப் பருவமழையோடு இணைகிறது. சேற்றில் வெறுங்காலுடன் நிற்போருக்கு எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சலும், புதரோரங்களில் நுண்ணுண்ணிகளின் இளவுயிரிகள் கடிப்பதால் உண்ணிக்காய்ச்சலும் வரக்கூடும். இரண்டிலும் தட்டணுக்கள் குறையும். முற்றிய நிலையில் இரண்டுமே மெய்யான செப்சிஸ்தாம். ஆயின் மருந்து ஒன்றன்று. எலிக்காய்ச்சலுக்குப் பென்சிலின் பயன்படும். உண்ணிக்காய்ச்சலுக்கு அது பயன்படாது, டாக்சிசைக்ளின் வேண்டும். ‘செப்சிஸ்’ எனக் குறித்துப் பென்சிலின் வகை மருந்தை மட்டும் தொடர்ந்தால் உயிர்காக்கும் நாள்கள் வீணாகும். அக்குள், இடுப்பு மடிப்புகளில் கருநிறப் பொருக்குப் புண் உள்ளதா எனத் தேடுவது, எண்ணிக்கையை மீண்டும் மீண்டும் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

தட்டணுக்களின் சராசரிப் பருமன் மற்றொரு குறியீடு. எலும்பு மச்சை இளம் தட்டணுக்களை அவசரமாக வெளியிடும்போது இப்பருமன் கூடுகிறது. ஆனால் உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் நேரம் செல்லச்செல்லத் தட்டணுக்கள் தாமாகவே வீங்குகின்றன. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கருவி குறைவாக எண்ணும். இரும்புச்சத்துக் குறைவால் சிறுத்த சிவப்பணுக்களைத் தட்டணுக்களென மிகுதியாகவும் எண்ணும். குருதிப் பூச்சை நுண்ணோக்கியில் காண்பதே இவ்வையங்களைத் தீர்க்கும்.

தீவிர சிகிச்சையில் ஒருநாள் எண்ணிக்கையைவிட அதன் போக்கே நம்பத்தக்கது. பிழைப்போரிடம் முதல் சில நாள்களின் சரிவுக்குப் பின் எண்ணிக்கை மீள்கிறது. மீளாமை தீய அறிகுறி. வட்ட மருத்துவமனையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நோயாளியின் முதல் எண்ணிக்கை வேறொரு கருவியில் எடுக்கப்பட்டதாயிருக்கும். ஆதலின் பரிந்துரைச் சீட்டில் எண்ணிக்கையோடு குருதி எடுத்த நேரம், சோதித்த நேரம், காய்ச்சலின் எத்தனையாம் நாள் என்பனவும் இடம்பெற வேண்டும்.