பட்டறைக்குக் காற்றும் முக்கியம், எர்த்தும் முக்கியம்!

செஞ்சிக் கோட்டை நெற்களஞ்சியத்தின் தடித்த சுவர்கள் நெல்லைக் காக்கக் கட்டியவை. கலப்பை, கேட் பற்றவைக்கும் வீட்டுப் பட்டறைக்கு அப்படிப்பட்ட அடைப்பு ஆகாது.

ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்தால் துத்தநாகப் புகை கிளம்பும். அடைத்த அறையில் அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரலாம். எனவே, காற்று வரும் பக்கம் தாழ்வாக ஜன்னல். எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி எக்ஸாஸ்ட் ஃபேன். வெல்டிங் செய்பவர் காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி நின்றால் புகை முகத்தில் ஏறாது.

16 ஆம்பியர் பிளக்குக்கு மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவை அவசியம். மின்கசிவு ஏற்பட்டால் ஆர்.சி.சி.பி. நொடியில் இணைப்பைத் துண்டிக்கும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது நல்லது.

பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தில் பட்டறையை ஓட்டுவது விதிமீறல்.