பார்சலில் வந்தது போலி: பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

போலியாலும் மலிவுச் சரக்காலும் வரும் நஷ்டம் திண்டுக்கல்லுக்குப் புதிதல்ல. கையால் அராவிச் செய்யும் இந்த ஊர்ப் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் அலிகரிலிருந்து வரும் மலிவான இயந்திரப் பூட்டோடு போட்டிபோட முடியாமல் பல பட்டறைகள் மூடப்பட்டுவிட்டன. வேறு ஊரில் செய்த பூட்டில் ‘திண்டுக்கல்’ என்று பொறித்து விற்றால், ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 1999ஆம் ஆண்டுச் சட்டம். செய்பவரின் பெயரைக் காக்க இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. அதே ஊரில் செல்போனில் ஆர்டர் போட்டு, டூப்ளிகேட் சரக்கு வாங்கி ஏமாந்தவருக்கு என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. தெரியாததால்தான் பலரும் ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

புகார் சொன்னால் வழக்கமாக வரும் பதில் ஒன்றுதான்: “நாங்கள் விற்கவில்லை, எங்கள் தளத்தில் கடை போட்டிருப்பவர் விற்றார்.” தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு இடைத்தரகர்களுக்குத் தரும் பாதுகாப்பை நம்பிச் சொல்லும் பதில் இது. ஆனால் 2020 ஜூலை 23 அன்று வந்த மின்வணிக விதிகள், அந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் சட்டம் சொல்லும் கடமைகளைச் செய்திருக்க வேண்டும் என்கின்றன. விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரங்களைத் தளத்தில் காட்ட வேண்டும். குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும்.

விற்பவருக்கான விதி இன்னும் கறாரானது. பொருள் பழுதானதாகவோ போலியாகவோ இருந்தால், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டால், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ அவர் மறுக்கக் கூடாது. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று பக்கத்தில் எழுதிவைத்திருந்தாலும் இந்த விதி மாறாது. அசல் என்று பொய் சொல்லி விற்கப்படுவதே போலிப் பொருள் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளக்கமே தந்திருக்கிறது.

இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான் மீது போட்ட உத்தரவைப் பார்க்கலாம். அது பிராண்டைத் திருடிய வழக்கல்ல. கட்டாயத் தரக்கட்டுப்பாட்டு விதிகளுக்கு இணங்காத பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்த வழக்கு. அப்படி விற்றவை 2,265 குக்கர்கள். அவற்றை வாங்கிய எல்லோருக்கும் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கும்படி ஆணையம் உத்தரவிட்டது. ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்’ என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் வாங்கிக்கொண்டு, சிக்கல் வரும்போது மட்டும் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்றது. அந்தக் குக்கர்களால் அமேசானுக்குக் கிடைத்த கமிஷன் 6 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய்க்கு மேல். விதித்த அபராதம் 1 லட்சம். கமிஷனில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத அபராதம் எந்தப் பெரிய நிறுவனத்தையும் பயமுறுத்தாது. அமேசான் இந்த உத்தரவை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் போனது. அதே மாதத்தில் 598 குக்கர்களுக்காக பிளிப்கார்ட்டும் இப்படி உத்தரவு வாங்கியது.

தமிழ்நாட்டிலும் சோதனைகள் நடக்கின்றன. 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த இரு நிறுவனங்களின் கிடங்குகளிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அதிகாரிகள் புகுந்து, தரச்சான்று இல்லாத பொருள்களைப் பறிமுதல் செய்தார்கள்.

அதிகாரிகள் வரும்வரை வாங்குபவர் காத்திருக்க வேண்டியதில்லை. வத்தலக்குண்டில் ஒருவர் குக்கர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 2347 என்ற தர எண் இருக்க வேண்டும்; கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண். அந்த உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டினால் உரிமம் யாருடையது, இன்னும் செல்லுமா என்பது தெரிந்துவிடும். பெட்டியில் தயாரிப்பாளரின் முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஆண்டு எதுவும் இல்லையென்றால் அதுவே சந்தேகத்துக்குப் போதுமான காரணம். விலையுயர்ந்த பொருளென்றால், டெலிவரிக்காரர் முன்னால் பெட்டியைப் பிரித்துப் பார்த்த பிறகு ஓ.டி.பி. சொல்வது நல்லது. அந்த வசதி இல்லாத இடத்தில், சீல் உடையாத பார்சலை முகவரிச் சீட்டு தெரியும்படி வைத்து, பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுக்கலாம். ‘பெட்டிக்குள் நீங்களே மாற்றி வைத்திருப்பீர்கள்’ என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

புகாரை முதலில் செயலிக்குள்ளேயே எழுத்தில் போட்டு, அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடவே கூடாது. ரீஃபண்ட் தருகிறோம் என்று பேசி வங்கிக் கணக்கையே காலி செய்யும் கும்பல்கள் அங்கே வலை விரித்திருக்கின்றன. அப்படிப் பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும்.

நிறுவனம் அசையவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் இருக்கட்டும், விற்றவர் சூரத்தில் இருக்கட்டும். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம். நத்தத்துக்காரருக்கும் வேடசந்தூர்க்காரருக்கும் திண்டுக்கல் ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் தானே வாதாடலாம். இணையவழியிலும் மனு போடலாம். போலியா அசலா என்று தெரிய ஆய்வு தேவைப்பட்டால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

ஒரு எச்சரிக்கை: மறுவிற்பனைக்காக மொத்தமாக வாங்கிய கடைக்காரரைச் சட்டம் நுகர்வோராக ஏற்காது. அவர் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதுவரை பில்லையும் அட்டைப்பெட்டியையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.