காயலாங்கடை – 11: மாரியப்பன் கழுத்தில் எத்தனை செல்போன்?

சென்ற வாரம் செல்போனைப் பிரித்து மதர்போர்டு வரை வந்து நின்றோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடியுங்கள். இந்த வாரம் சீனாவின் குய்யூவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். போவோம். நடுவில் ஒரு கணக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. அதை இறக்கிவைத்துவிட்டுத்தான் நகர முடியும்.

2021 ஆகஸ்ட் 31, டோக்கியோ பாராலிம்பிக். மழையில் நனைந்த மைதானத்தில் 1.86 மீட்டர் உயரம் தாண்டி வெள்ளி வென்றார் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானியர்கள் தூக்கிப்போட்ட செல்போன், லேப்டாப், கேமரா வகையறாவிலிருந்து. 2017 ஏப்ரலில் தொடங்கி 2019 மார்ச் வரை ஊர் ஊராகப் பெட்டி வைத்துச் சேர்த்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 79,000 டன். செல்போன் மட்டும் சுமார் 62 லட்சம். உருக்கிப் பிரித்ததில் 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம் தேறியது. ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டுக்குமாகச் சேர்த்து சுமார் 5,000 பதக்கங்கள்.

இதில் இழுத்தடித்தது வெள்ளிதான். வெண்கலத்துக்கான இலக்கு 2018 ஜூனிலேயே நிரம்பிவிட்டது. அந்த அக்டோபரில் தங்கம் 93 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, வெள்ளியோ 85-ஐ ஒட்டி நொண்டிக்கொண்டிருந்தது. இருக்காதா பின்னே? தங்கப் பதக்கமும் உள்ளே வெள்ளிதானே! நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து வாங்கிய 556 கிராம் பதக்கத்தில் தங்கம் 6 கிராம் போல. மேலே ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 2006-ல் ஒரு செல்போனுக்குள் இருப்பதைப் பட்டியல் போட்டது. பட்டன் போன் காலத்துக் கணக்கு அது. பேட்டரி, சார்ஜர் நீங்கலாக 113 கிராம் எடையில் செம்பு 16 கிராம், வெள்ளி 0.35 கிராம், தங்கம் 0.034 கிராம். அதை வைத்துப் பார்த்தால், அரை கிலோவை ஒட்டிய மாரியப்பனின் வெள்ளிக்கு 1,400 செல்போனுக்கு மேல் வேண்டும். நீரஜின் தங்கப் பூச்சுக்கு 176 போதும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கம் வடிவமைக்கும் நண்பர், “அப்போ ஒரு சவரனுக்கு எத்தனை சார்?” என்றார். அவர் வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். 235 என்றேன். பத்துச் சவரனுக்கு லோடு ஆட்டோவில் ஒரு நடை.

சிரிப்பாக இருக்கிறதா? ஒரு டன் பட்டன் போனில் 300 கிராம் தங்கம். கோலார் தங்கவயல் அதன் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம்தான் கொடுத்தது. அதற்கும் மூன்று கிலோமீட்டருக்குமேல் பூமிக்குள் இறங்க வேண்டியிருந்தது. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள்.

ஜப்பானின் அகிதா மாநிலத்தில் கொசாகா என்று ஒரு சுரங்க ஊர். தொழிலாளர்களின் பொழுதுபோக்குக்காக 1910-ல் அங்கே மரத்தால் ஒரு நாடகக் கொட்டகை கட்டினார்கள். இன்றும் அதில் நாடகம் நடக்கிறது. கொசாகா சுரங்கத்தையும் 1990-ல் மூடிவிட்டார்கள். ஆனால் உலை அணையவில்லை. அந்த ஊர்க் கனிமம் ஒரு கரும்பாறை. செம்பு, துத்தநாகம், காரீயம், தங்கம், வெள்ளி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒன்றைப் பிரிக்கப் போனால் இன்னொன்று கூடவே வரும். அந்தத் தொல்லையோடு மல்லாடியே பிரித்தெடுக்கும் வித்தையில் தேறினார்கள் கொசாகாக்காரர்கள். செல்போன் போர்டும் அதே மாதிரி உலோகக் குழப்பம்தானே! இப்போது அந்த உலைக்குப் போகும் முக்கியத் தீனி பழைய மின்னணுச் சாமான். இந்த வாரம் முழுக்க நான் பார்த்தவரிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கோலாரிலும் மூடிய சுரங்கம் இருக்கிறது. தங்கம் எடுத்து மிஞ்சிய சயனைடு மண்மேடுகளும் இருக்கின்றன. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது. உலைதான் இல்லை.

சயனைடு என்றதும் குய்யூவுக்கு வந்துவிட்டோம். பாறையோ போனோ, தங்கம் சும்மா வெளியே வராது. கொசாகாவில் உலைப் புகையை வடிகட்டி வெளியே விடுகிறார்கள். குவாங்டொங் மாகாணத்துக் குய்யூவில் பல்லாண்டுகள் வீட்டு வாசலில் கரியடுப்பு வைத்து, அதன்மேல் போர்டைச் சூடாக்கி, ஐ.சி.க்களைக் குறட்டால் பிடுங்கினார்கள். பழைய சால்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரீயம். அது உருகும்போது எழும் புகை அடுப்பைச் சுற்றி விளையாடும் பிள்ளைகளின் மூச்சில் போகும். அடுத்து, போர்டை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஆற்றில் ஊற்றுவார்கள்.

2007-ல் வெளியான ஆய்வு ஒன்று குய்யூவில் 165 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தது. 135 பேருக்குக் காரீயம் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல். அதுதான் அன்றைய அபாயக்கோடு. அமெரிக்காவில் இப்போது அதை 3.5-க்கு இறக்கிவிட்டார்கள். போர்டு உடைக்கும் தொழில் இல்லாத பக்கத்து ஊர் சென்டியனில் சோதித்த 162 பேரில் 61 பேர் 10-ஐத் தாண்டியிருந்தார்கள். பக்கத்து ஊருக்கே இந்தக் கதி. காரீயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியில்தான் முதலில் கைவைக்கும். அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை; தனியாக எழுதுகிறேன்.

வீட்டு மேசைக்குள் கிடக்கும் போனை என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களுக்குச் சுருக்கமாக: சிம், மெமரி கார்டை எடுத்துவிட்டு, போனில் உள்ளதை முழுக்க அழியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அமுக்கவோ குத்தவோ வேண்டாம், அது தீப்பிடிக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பழைய சாமான் மறுசுழற்சிக்குப் போய்ச் சேர்வதற்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. விற்ற நிறுவனத்திடம் திரும்ப வாங்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் பட்டியலைப் பாருங்கள். எடைக்குப் போட்டால் அது எந்த அடுப்புக்குப் போகும் என்று காயலாங்கடைக்காரருக்கே தெரியாது.

ஆசிரியர் இரண்டாம் முறை போன் செய்துவிட்டார். குய்யூவின் மீதிக் கதையும், பித்தளைக்குப் பேர்போன மொராதாபாத்தில் போர்டு எரிக்கும் தொழில் புகுந்த விதமும் அடுத்த வாரம். கொசாகா பற்றி இனி பேசமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.